விமான நிலைய ஊழியர்களைத் தினமும் சோதிப்பது எதற்கு? உள்ளிருந்து வரும் ஆபத்தை எப்படிக் குறைப்பது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கிரவுண்ட் ஹேண்ட்லிங் (விமானம் தரையில் நிற்கும்போது ஆக வேண்டிய வேலைகளைச் செய்யும்) கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்தது, அக்கம்பக்கத்திலும் கேட்டது. வேலையில் சேர்ந்தபிறகு தினமும் பயணிகளைப் போலவே பையை எக்ஸ்ரேயில் போட்டு, உடலைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்களாம். சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது என்று வருத்தப்படுகிறாராம். "வேலைக்கு எடுத்த ஆளையே தினமும் சந்தேகப்படுவது எதற்கு? ஊழியர்களால் அப்படி என்ன ஆபத்து வரும்? வரும் என்றால் இந்தச் சோதனை அதைத் தடுக்குமா?" இதுதான் கேள்வி.

எனக்குத் தக்கலைப் பக்கம். விமான நிறுவனப் பாதுகாப்புப் பிரிவில் திருவனந்தபுரத்திலும் பிறகு வளைகுடாவிலும் வேலை பார்த்தவன். சோதனை தேவை, பெட்டி ஏற்றும் லோடர் முதல் பைலட் வரை யாருக்கும் விலக்கு இல்லாமல் தேவை. ஆனால் அது மட்டும் போதாது. ஊழியரால் ஆபத்து என்றதும் தீவிரவாதி ஒருவன் வேலைக்குச் சேர்ந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரையிலும் படித்தவரையிலும் கதவு திறப்பது பெரும்பாலும் வேறு மாதிரி. சொந்தக்காரருக்குச் செய்த ஒரு சின்ன உதவி, அவசரத்தில் விட்டுக்கொடுத்த ஒரு விதி, யாரும் காதுகொடுத்துக் கேட்காத ஒரு கோபம். இவற்றைக் கவனிக்காத விமான நிலையத்தில் எத்தனை ஸ்கேனர் வைத்தும் பயனில்லை.

முதலில் சோதனை ஏன் என்பதைப் பார்ப்போம். 1987 டிசம்பர் 7. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட பிஎஸ்ஏ 1771 விமானம். பிஎஸ்ஏவை வாங்கியிருந்த யுஎஸ்ஏர் நிறுவனத்தில் டிக்கெட் ஏஜென்ட்டாக இருந்த ஒருவரை, விமானத்தில் மது விற்ற பணத்தில் 69 டாலர் எடுத்தார் என்று வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். நீக்கிய மேலாளர் அன்று அந்த விமானத்தில் போகிறார் என்று தெரிந்து, இவரும் ஒரு டிக்கெட் வாங்கினார். அவருடைய அடையாள அட்டையை யாரும் திருப்பி வாங்கியிருக்கவில்லை. ஊழியர்கள் சோதனை இல்லாமல் போகும் வழியில் துப்பாக்கியோடு உள்ளே போனார். மேலாளரையும் விமானிகளையும் சுட்டார். விமானம் விழுந்து 43 பேரும் இறந்தார்கள். வேலையைவிட்டு நீக்கினால் அட்டையை அந்த இடத்திலேயே வாங்க வேண்டும், விமான ஊழியர்களும் பயணிகளைப் போலச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதிகள் அமெரிக்காவில் வந்தது இதற்குப் பிறகுதான்.

அப்படியும் அங்கே ஓட்டை முழுதாக அடைபடவில்லை. பல அமெரிக்க விமான நிலையங்களில் தரைப் பணியாளர்கள் அட்டையைத் தேய்த்துவிட்டு அன்றாடச் சோதனை இல்லாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். 2014 டிசம்பரில் அட்லாண்டாவில் பிடிபட்ட வழக்கைப் பாருங்கள். ஒருவர் சாதாரணப் பயணியாக எல்லாச் சோதனையையும் ஒழுங்காகக் கடந்து வருவார். உள்ளே கழிப்பறையில், பெட்டி தூக்கும் வேலை பார்க்கும் கூட்டாளி துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். பயணி அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு நியூயார்க் விமானத்தில் ஏறிவிடுவார். மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. கடத்தப்பட்ட துப்பாக்கிகள் நூற்றுக்கும் மேல். பயணியின் பெல்ட்டையும் செருப்பையும் கழற்றிப் பார்த்த சோதனை அங்கே எதற்கு உதவியது?

இந்த விஷயத்தில் இந்தியா கடுமையாகவே இருக்கிறது. அது நல்லதுதான். ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, 1987-இல் பிசிஏஎஸ் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பு தனித்துறையானது. கந்தகார் கடத்தலுக்குப் பிறகு 2000-இலிருந்து மத்திய அரசின் தொழில் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப் ஒவ்வொரு விமான நிலையமாகப் பொறுப்பேற்றது. உங்கள் தங்கை கழுத்தில் தொங்கும் பாஸ் கம்பெனி கொடுத்ததல்ல, பிசிஏஎஸ் கொடுத்தது. போலீஸ் விசாரணை, பாதுகாப்பு விழிப்புணர்வு வகுப்பு எல்லாம் முடிந்து, கைரேகை பதிந்து வாங்குவது. அந்த அட்டையில் இருக்கும் எழுத்துகள், எந்தெந்தப் பகுதிக்குள் அவர் போகலாம் என்பதைச் சொல்பவை. டெர்மினலுக்கு மட்டும் அனுமதி உள்ளவர் விமானம் நிற்கும் ஏப்ரனுக்குப் போக முடியாது. ஸ்டாஃப் கேட்டில் பெண் ஊழியரைப் பெண் காவலர்தான் மறைப்புக்குள் வைத்துச் சோதிக்க வேண்டும். சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பது அவமானப்படுத்துவதற்காக அல்ல. எவர்சில்வர் தூக்குவாளிக்குள் என்ன இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது, அவ்வளவுதான்.

போலீஸ் விசாரணை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இதுவரை அந்த ஆள் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லும். இனி எப்படி இருப்பார் என்பதைச் சொல்லாது. நான் அறிந்த வழக்குகளில் மாட்டியவர்கள் வேலைக்குச் சேரும்போது எந்தக் குற்றப் பதிவும் இல்லாதவர்கள். சேர்ந்து சில வருஷம் கழித்து வட்டிக்கு வாங்கியது, வீடு கட்ட ஆரம்பித்து பாதியில் நின்றது, சகோதரிக்குக் கல்யாணம் வந்தது, ஆன்லைன் சூதாட்டத்தில் விட்டது என்று ஏதோ ஒன்றில் சிக்கினவர்கள். ஆகவே விசாரணை ஒருமுறையோடு முடியக் கூடாது. பாஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் திரும்ப நடக்க வேண்டும், அதுவும் வெறும் கையெழுத்துச் சடங்காக இல்லாமல் நடக்க வேண்டும்.

யாரை, எந்த வழியாக, எத்தனை நேரம் உள்ளே விடுவது என்பதில் திருவனந்தபுரத்துக்கே உரிய ஓர் உதாரணம் உண்டு. நவராத்திரிக்கு நம் பத்மநாபபுரத்திலிருந்து சாமி விக்கிரகங்கள் திருவனந்தபுரம் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஆராட்டு என்றால் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. சில மணி நேரம் விமானங்களே கிடையாது. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிடுவார்கள். யார் நுழையலாம் என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும், கூடவே சிஐஎஸ்எஃப் காவல் இருக்கும். ஊர்வலம் திரும்பிப் போனபிறகு ஓடுதளத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் விமானம் இறங்க விடுவார்கள். இவ்வளவு கவனம் வருஷத்தில் இரண்டு நாளுக்கு எடுக்கிறார்கள். ஆனால் வருஷம் முழுக்க நிரந்தர பாஸோடு போய்வருகிறவர்கள் விஷயத்தில் "இவருக்கு அந்தக் கதவு இன்னும் தேவையா?" என்று யாரும் கேட்பதில்லை. சரக்குப் பிரிவிலிருந்து டிக்கெட் கவுண்டருக்கு மாறின ஆளின் அட்டை சரக்குப் பிரிவுக் கதவை இன்னமும் திறக்கும் என்றால் அது தேவையில்லாத ஆபத்து. அவர் நல்லவராகவே இருக்கலாம். அட்டை தொலையலாம் இல்லையா?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் ஊரில் வளைகுடாவில் சொந்தம் இல்லாத தெரு அபூர்வம். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். நாகர்கோவில்காரருக்கும் குளச்சல்காரருக்கும் அதுதான் பக்கத்து விமான நிலையம். அங்கே வேலை பார்க்கும் பிள்ளை ஒன்று குடும்பத்தில் இருந்தால் போதும், ஊர் முழுக்கச் சொந்தம் முளைத்துவிடும். "மக்களே, அண்ணன் துபாய் போறான். முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் உப்பேரி, நெத்திலிக் கருவாடு எல்லாம் சேர்ந்து ஒரு அஞ்சு கிலோ கூடிப்போச்சு. கொஞ்சம் பாத்து விட்டுக்குடு." இது முதல் படி. இதில் யாருக்கும் கேடு நினைக்கும் எண்ணம் இல்லை, பாசம்தான் இருக்கிறது.

இரண்டாவது படி கொஞ்சம் வேறு. "மாமா உள்ள போயாச்சு, மருந்துப் பொதிய மறந்துட்டாரு. நீ உள்ளதான போற, கொண்டு குடுத்திரு." பொதியைக் கொண்டுவந்தவர் தெரிந்தவர், வாங்கிக்கொள்ளப் போகிறவரும் தெரிந்தவர். மூன்றாவது படியில் வருகிறவர் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். இந்த முறை திசையும் மாறும். வெளிநாட்டிலிருந்து வந்த பயணி ஒருவர் கழிப்பறையில் ஒரு பொருளை வைத்துவிட்டுப் போவார், அதை எடுத்து வெளியே கொண்டுவந்தால் போதும். கறுப்பு டேப் சுற்றிய, விரல் நீளமுள்ள உருளை. தங்கத்தைப் பசையாக்கி உள்ளே அடைத்திருப்பார்கள். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். வேலைக்காரரின் ஒரு மாதச் சம்பளத்தை ஒரே நடையில் கொடுப்பார்கள். அந்தப் பணத்தை ஒருமுறை வாங்கியபின் அவர் "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. சொன்னால் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இது கற்பனையல்ல. 2024 மே மாதம் கண்ணூரில் மஸ்கட்டிலிருந்து வந்த விமானத்தின் பணிப்பெண் ஒருவர், கிட்டத்தட்ட ஒரு கிலோ தங்கத்தை உடலுக்குள் மறைத்துக் கொண்டுவந்ததாகப் பிடிபட்டார். அதே ஆண்டு சென்னை விமான நிலையத்தில் ஒரு பரிசுப்பொருள் கடை ஊழியர்கள் மூலமாக இரண்டே மாதத்தில் 267 கிலோ தங்கம் வெளியே போனதாகச் சுங்கத்துறை சொன்னது. கடை ஊழியர்களிடம் முறையான பாஸ் இருந்தது. வேறு விமானம் மாறிச் செல்லும் பயணிகள் உள்ளே கொடுத்துவிட்டுப் போனதை இவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

"தங்கம்தானே, வரி ஏய்ப்புதானே, குண்டா வைத்தார்கள்?" என்று கேட்கிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இது: தூக்கிக்கொண்டு போகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தங்கம் என்று சொன்னதால் அவர் தங்கம் என்று நம்புகிறார். தங்கம் வெளியே வரப் பழகிய வழியில் இன்னொரு பொருள் உள்ளே போக எத்தனை நாளாகும்? 2016 பிப்ரவரி 2-ஆம் தேதி சோமாலியாவின் மொகதிஷுவிலிருந்து கிளம்பிய டாலோ ஏர்லைன்ஸ் விமானத்தில், புறப்பட்டுச் சிறிது நேரத்தில் குண்டு வெடித்துப் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. குண்டு இருந்தது ஒரு லேப்டாப்பில். அந்த லேப்டாப்பை விமான நிலைய ஊழியர்கள் இருவர், சோதனை முடிந்து உள்ளே இருந்த பயணியின் கையில் கொடுப்பது கேமராவில் பதிவாகியிருந்தது. விமானம் இன்னும் முழு உயரத்துக்கு ஏறியிருக்கவில்லை, அதனால் திரும்பி இறங்க முடிந்தது. கொண்டுவந்தவன் மட்டும் இறந்தான். உள்ளே கைமாறிய ஒரே ஒரு பொருள்தான் அது.

ஆகவே உங்கள் தங்கைக்கு வரும் முதல் ஆபத்து உங்கள் சொந்தபந்தங்களிடமிருந்து வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். எடை கூடினால் பணம் கட்டட்டும், இல்லையென்றால் உப்பேரியை எடுத்துவிடட்டும். பிள்ளையை யாரும் எதற்கும் கேட்கக் கூடாது. வீட்டார் ஒட்டுமொத்தமாக "அவளுக்கு அதெல்லாம் அனுமதி இல்ல" என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் தனியாக நின்று மறுக்க வேண்டியதில்லை. எந்த ஸ்கேனரும் இந்த வேலையைச் செய்யாது.

அடுத்தது அவசரம். இதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றும் வண்டி வந்து நிற்கிறது. ஒவ்வொரு டிராலிக்கும் பிளாஸ்டிக் சீல் போட்டிருக்கும், சீல் எண்களை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருப்பார்கள். விமானத்தில் ஏற்றும் முன் தாளையும் சீலையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று ஒரு டிராலியில் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. தாளில் 47, சீலில் 74. எழுதியவர் கை தவறியிருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது, டியூட்டி மேனேஜர் வாக்கிடாக்கியில் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். பணியில் இருந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். "நம்பர் சரியில்ல சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று நின்றுவிட்டார். டிராலியைத் திறந்து ஒவ்வொரு தட்டாக வெளியே எடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டைத் தவிர ஒன்றும் இல்லை. மறுபடி சீல் போட்டு ஏற்றி, விமானம் தாமதமாகப் போனது.

அந்தப் பெண் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நடந்தது என்ன? தாமதத்தின் காரணத்தை அவர் பெயரில் எழுதினார்கள். கொஞ்ச நாளில் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். கூட வேலை பார்த்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அடுத்தமுறை 47-ம் 74-ம் மாறியிருந்தால் அவர்களில் யார் வண்டியை நிறுத்துவார்?

விதியை மீறியவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. 1985-இல் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் ஒரு பயணி, தன்னுடைய பெட்டியை நேரே ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றும்படி டேக் போடச் சொல்லி வேறொரு விமான நிறுவனத்தின் கவுண்டரில் வாக்குவாதம் செய்தார். ஏர் இந்தியாவில் அவருக்கு இடம் உறுதியாகவில்லை, அப்படி டேக் போடக் கூடாது. கவுண்டரில் இருந்தவர் முதலில் முடியாது என்றுதான் சொன்னார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, கடைசியில் போட்டுக்கொடுத்துவிட்டார். அந்த ஆள் விமானம் ஏறவே இல்லை, பெட்டி மட்டும் ஏறியது. ஜூன் 23-ஆம் தேதி அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கனிஷ்கா வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். கவுண்டரில் இருந்த அந்த ஊழியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசை நீண்டாலும் பரவாயில்லை, விதிப்படி செய், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவருக்குப் பின்னால் நின்று சொல்ல ஆள் வேண்டும். நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை அதுதான். பாதுகாப்புக்காக ஒரு விமானம் தாமதமானால் அந்தத் தாமதம் எந்தத் தனி ஊழியரின் கணக்கிலும் சேரக் கூடாது என்று எழுத்தில் விதி வைக்க வேண்டும்.

மூன்றாவது கோபமும் மனக்கஷ்டமும். 2018 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு தரைப் பணியாளர், ஆளில்லாமல் நின்ற 70-க்கும் மேல் இருக்கை கொண்ட விமானத்தை டிராக்டரால் திருப்பி நிறுத்தி, ஏறி, தானே ஓட்டிக்கொண்டு போனார். கடைசியில் ஒரு தீவில் விழுந்து இறந்தார். விமானங்களை இழுத்து நிறுத்துவதே அவர் வேலை. அதாவது அந்த இடத்துக்குப் போக, அந்த டிராக்டரைத் தொட அவருக்கு முழு அனுமதி இருந்தது. பாஸ், சோதனை, கேமரா எல்லாவற்றையும் முறைப்படி கடந்தவர். கட்டுப்பாட்டு அறையோடு பேசும்போது குறைந்த சம்பளத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு, 2019 ஜூலையில், மயாமியில் ஒரு மெக்கானிக் விமானத்தின் வேகத்தையும் உயரத்தையும் அளக்கும் கருவிக்கான குழாயில் ஃபோமை அடைத்துவைத்தார். 150 பேரோடு ஓடுதளத்துக்குப் போன விமானத்தில் விமானிகள் பிழைச் செய்தியைப் பார்த்துப் பறக்காமல் நிறுத்தினார்கள். தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போன கோபமும், பழுது வந்தால் ஓவர்டைம் கிடைக்கும் என்ற எண்ணமும்தான் காரணம் என்று அவர் சொன்னார்.

இவர்கள் செய்ததை நியாயப்படுத்தவில்லை. சம்பளம் குறைவாக வாங்கும் கோடிக்கணக்கானவர்கள் விமானத்தை உடைப்பதில்லை. ஆனால் நம் விமான நிலையங்களில் விமானத்துக்கு மிக அருகில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். பெட்டி ஏற்றுகிறவர், உள்ளே துடைக்கிறவர், கழிவுநீர் எடுக்கிறவர். பெரும்பாலும் காண்ட்ராக்ட்டுக்குள் காண்ட்ராக்ட். எந்தக் கம்பெனியின் ஆள் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. சம்பளம் தாமதமானால் யாரைக் கேட்பது என்றும் தெரியாது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து சாக்கையிலிருந்து களியக்காவிளைக்கோ பாறசாலைக்கோ பஸ்ஸுக்காகக் காத்து நின்று, வீட்டுக்குப் போய் நாலு மணி நேரம் தூங்கி மறுபடி வருகிறவர். ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் பாதிப் பேர் போய்ப் புதியவர்கள் வருவார்கள். புதியவர்களுக்கு யார் யார் இங்கே வேலை பார்க்கிறவர்கள் என்றே தெரியாது. அறிமுகமில்லாத முகம் ஒன்று ஏப்ரனில் நடமாடினால் "யாருப்பா நீ?" என்று கேட்க, முதலில் எல்லா முகமும் பழகியிருக்க வேண்டுமே. ஆட்கள் நிலைத்து வேலை பார்க்கும் இடத்தில்தான் வேற்றாள் கண்ணில் படுவார். நல்ல சம்பளமும் நிரந்தர வேலையும் தொழிலாளர் நலக் கோரிக்கை மட்டுமில்லை, விமானப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

விமானிகளிடம் இது இன்னும் சிக்கல். 2015 மார்ச் 24-ஆம் தேதி ஜெர்மன்விங்ஸ் துணை விமானி, தலைமை விமானி வெளியே போன நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு மருத்துவர் அவரை மனநல மருத்துவமனையில் சேரச் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் நிறுவனத்துக்கும் போகவில்லை, விமானத் துறைக்கும் போகவில்லை. சொன்னால் உரிமமும் வருமானமும் போய்விடும் என்ற பயம் விமானிகளிடம் எப்போதும் உண்டு. பிறகு ஐரோப்பாவில், விமானி ஒருவர் தன் கஷ்டத்தை சக விமானிகளிடமே வேலை பறிபோகும் பயமில்லாமல் சொல்வதற்கான ஏற்பாட்டை ஒவ்வொரு நிறுவனமும் வைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அதே ஏற்பாடு லோடருக்கும் மெக்கானிக்குக்கும் வேண்டும். நம் ஊரில் "அவனுக்குக் கொஞ்ச நாளா சரியில்ல" என்று கூட வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அதை மேலே சொன்னால் கூட்டாளியின் பிழைப்பு போகும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு லீவும் மருத்துவமும் கிடைக்கும், திரும்பி வர வேலையும் இருக்கும் என்றால் சொல்வார்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. கவனிக்கச் சொன்னால் சிலர் பெயரையும் மதத்தையும் ஊரையும் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இது அநியாயம், வேலைக்கும் உதவாது. மேலே சொன்ன வழக்குகளில் மாட்டியவர்கள் பல நாட்டவர், பல மதத்தவர், பல பதவியில் இருந்தவர்கள். அவர்களைப் பெயரை வைத்துக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. கவனிக்க வேண்டியது நடத்தையை: டியூட்டி இல்லாத நாளில் உள்ளே வருவது, தனக்குச் சம்பந்தமில்லாத விமானத்தின் பக்கம் அடிக்கடி போவது, யார் எப்போது சோதிக்கிறார்கள் என்று துருவிக் கேட்பது, திடீரென்று கையில் பணம் புரள்வது, அடுத்தவர் அட்டையைக் கேட்பது. இதில் பாதியை அட்டைப் பதிவுகளே சொல்லிவிடும். எந்த அட்டை எந்தக் கதவில் எத்தனை மணிக்குத் தேய்த்தது என்பது கணினியில் கிடக்கிறது, டியூட்டி லிஸ்ட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வைத்தால் போதும். சம்பவம் நடந்தபிறகு கேமராவைத் தேடி என்ன பயன்?

சோதனையிலும் ஒரு மாற்றம் வேண்டும். இப்போது கேட்டில் நுழையும்போது நடக்கும் சோதனை எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில், தெரிந்த இடத்தில் நடக்கிறது. அது இருக்கட்டும். அதற்கு மேல், உள்ளேயும் எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத நேரத்தில் சோதிக்க வேண்டும். வெளியே போகும்போதும் சோதிக்க வேண்டும், தங்கம் வெளியே வரும் திசை அதுதானே. மேனேஜரும் அதே வரிசையில் நிற்க வேண்டும். பெரிய அதிகாரி விசிட்டிங் கார்டைக் காட்டிக் கடந்து போவதைத் தினமும் பார்க்கிற துப்புரவுப் பணியாளருக்கு இந்தச் சோதனை மேல் எப்படி மரியாதை வரும்? விமானத்தைத் தொடாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியர்களையும் மறக்கக் கூடாது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர், விமானத்தில் குண்டு வைக்க வெளிநாட்டுத் தீவிரவாதிகளுக்கு உதவத் திட்டமிட்டதற்காக 2011-இல் 30 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

தங்கைக்குச் சொல்ல வேண்டியவை. அட்டையை ஒரு நிமிஷத்துக்குக்கூட யாருக்கும் கொடுக்க வேண்டாம். தன் அட்டையால் திறந்த கதவில், பின்னாலேயே இன்னொருவர் நுழைய வந்தால், அவர் சூப்பர்வைசராகவே இருந்தாலும், "சார், உங்க கார்டப் போடுங்க" என்று சொல்லட்டும். கோபித்துக்கொள்கிறவர்கள் நாலு நாளில் பழகிவிடுவார்கள். அட்டையோடு எடுத்த செல்ஃபியை இன்ஸ்டாகிராமில் போட வேண்டாம், அந்தப் படத்தை வைத்தே போலி அட்டை செய்ய முடியும். தவறுதலாக ஒருமுறை யாருக்காவது பொதி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், மிரட்டுவதற்குள் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும். முதல் தடவையிலேயே சொன்னவரைக் காப்பாற்ற வழி இருக்கும், பத்தாவது தடவையில் பிடிபட்டவருக்கு யாராலும் உதவ முடியாது. சோதனையின்போது யாராவது கண்ணியக் குறைவாக நடந்துகொண்டால் அதையும் பொறுத்துப்போக வேண்டாம். நாள், நேரம், கேட் எண்ணோடு எழுதித் தன் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிக்குக் கொடுக்கட்டும், நகலைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

விழிப்புணர்வு வகுப்பில் பெரும்பாலும் ஸ்லைடைக் காட்டிவிட்டு, கேள்வி உண்டா என்று கேட்பார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்த வகுப்பில் உங்கள் தங்கை மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு அட்டை தொலைந்தால் முதல் போன் யாருக்கு? சூப்பர்வைசரே தப்பு செய்வதைப் பார்த்தால் அவருக்கு மேலே யாரிடம் சொல்வது? சொன்னவர் பெயர் வெளியே போகாமல் இருக்க என்ன ஏற்பாடு? முதல் இரண்டுக்கும் எண் கிடைத்தால் அன்றே போனில் சேமித்து, வீட்டில் உங்களிடமும் ஒன்று கொடுத்துவைக்கட்டும். மூன்றாவதற்குப் பதில் வரவில்லையென்றால் அதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், கூடப் படிக்கும் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.